மிஞ்சிய வான்கோழியில் ஒரு பை (pie): வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: விருந்துக்கு ரோஸ்ட் செய்த வான்கோழியில் பாதி மிஞ்சிவிட்டது. அதை வைத்துப் பை, அதாவது கறிக்கலவையை மாவால் மூடி ஓவனில் வேகவைக்கும் பண்டம், செய்தேன். மேல்மாவு நன்றாக வந்தது. ஆனால் உள்ளே இருந்த கறி நார்நாராகச் சக்கைபோல் ஆகிவிட்டது. எங்கே தவறு?

பதில்: கறியை இரண்டாம் முறை வேகவிட்டதுதான் காரணம். ரோஸ்ட் ஆனபோதே அது முழுசாக வெந்துவிட்டது. அதிலும் நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. காய்களோடு சேர்ந்து கால் மணி நேரம் கொதித்தால் மிச்சமிருக்கிற ஈரத்தையும் விட்டுவிடும். பைக்குள் போகும் கறிக்குச் சூடு ஏறினால் போதும், வேக்காடு வேண்டாம். அதனால் சாஸை முழுமையாகக் கொதிக்கவைத்து முடித்து, அடுப்பை அணைத்த பிறகே கறியைச் சேருங்கள்.

ஆறு பேருக்கு அளவு: எலும்பும் தோலும் நீக்கிய கறி 500 கிராம், வெண்ணெய் 60 கிராம், மைதா 60 கிராம், வான்கோழி அல்லது சிக்கன் ஸ்டாக் (எலும்பைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு) 500 மில்லி, பால் 150 மில்லி, பெரிய வெங்காயம் 1, கேரட் 2, செலரித் தண்டு 2, பச்சைப் பட்டாணி 100 கிராம், உலர்ந்த தைம் (மணமூட்டும் இலை) அரை டீஸ்பூன், மிளகுத்தூள், துளி ஜாதிக்காய்த்தூள்.

வெங்காயம், கேரட், செலரியைப் பொடியாக நறுக்கி வெண்ணெயில் மிதமான தீயில் 10 நிமிடம் வதக்குங்கள். நிறம் மாறக் கூடாது. கேரட்டைக் கத்தி நுனியால் குத்தினால் இறங்க வேண்டும். பைக்குள் போன பிறகு காய் வெந்துகொள்ளும் என்று நம்ப வேண்டாம், வேகாது. இப்போது மைதாவைத் தூவி 2 நிமிடம் கிளறுங்கள். பச்சை மாவு வாசம் போய் லேசான பிஸ்கட் மணம் வரும். ஸ்டாக்கை முதலில் ஒரு கரண்டி மட்டும் ஊற்றி, கெட்டிக் கூழாகக் குழைத்த பிறகு அடுத்த கரண்டி. மொத்தமாகக் கொட்டினால்தான் கட்டி தட்டும். பாலையும் சேர்த்துக் கிளறியபடியே 3, 4 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொதி வந்தால்தான் மாவு தன் முழுக் கெட்டித்தன்மையைக் காட்டும்.

பதம் பார்க்க, கரண்டியைச் சாஸில் முக்கி எடுத்து அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோட்டின் இரு ஓரமும் வழிந்து சேராமல் அப்படியே நின்றால் பதம் சரி. சாப்பிடும் கிரேவியைவிட ஒரு படி கெட்டியாகவே இருக்கட்டும். பட்டாணியும் கறியும் ஓவனில் கொஞ்சம் நீர் விடும்.

கறியை நாருக்குக் குறுக்கே 2 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். கையால் பிய்த்தால் மெல்லிய இழைகளாகி இன்னும் உலரும். தொடைக்கறி, கால்கறி இருந்தால் கட்டாயம் கலந்துகொள்ளுங்கள். ஈரமும் ருசியும் அவற்றில்தான் அதிகம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். உப்புநீரில் ஊறவைத்து ரோஸ்ட் செய்த பறவையானால் அநேகமாகத் தனி உப்பே தேவைப்படாது.

கேள்வி: மேல்மாவு வெளியே சிவந்துவிடுகிறது, உள்பக்கம் மட்டும் கொழகொழ என்று ஒட்டுகிறது. ஏன்?

பதில்: பூரணத்தை, அதாவது உள்ளே வைக்கும் கறிக்கலவையை, சூடாக வைத்து மூடியிருப்பீர்கள். மாவுக்குள் இருக்கும் வெண்ணெய்த் துணுக்குகள் ஓவனில்தான் உருக வேண்டும். அப்போதுதான் அவை இருந்த இடம் வெற்றிடமாகி மாவு உதிரும் பதத்துக்கு வரும். சூடான பூரணத்தின் மேல் விரித்தால் ஓவனுக்குள் போகும் முன்பே வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிடும். ஆவியும் அடியில் படியும். பூரணத்தை அகலமான தட்டில் பரப்பி, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் வரை ஆறவிடுங்கள். இதில் மட்டும் அவசரம் கூடாது.

மேல்மாவுக்கு மைதா 250 கிராம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய் 125 கிராம், உப்பு அரை டீஸ்பூன், ஐஸ் தண்ணீர் 3 முதல் 4 டேபிள்ஸ்பூன். வெண்ணெயை விரல் நுனியால் மட்டும் உதிர்த்துப் பிசறுங்கள். உள்ளங்கைச் சூடு படக் கூடாது. ரவைபோல் ஆனதும், நடுநடுவே பட்டாணி அளவு வெண்ணெய் தென்படும்போதே நிறுத்தித் தண்ணீர் தெளித்து ஒன்றுசேருங்கள். சப்பாத்தி மாவைப்போல் பிசைந்தால் இழுவை வந்து, வேகும்போது சுருங்கிக் கடினமாகும். மூடி ஃபிரிட்ஜில் 30 நிமிடம் வைத்த பிறகே தேயுங்கள்.

பூரணம் பாத்திரத்தின் விளிம்பு வரை நிறைந்திருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் மாவு நடுவில் தொய்ந்து சாஸில் உட்காரும். ஓரத்தை அழுத்தி ஒட்டி, மேலே அடித்த முட்டை தடவி, நடுவில் ஆவி போக இரண்டு கீறல் போடுங்கள். நன்கு சூடேறிய 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் 35 முதல் 40 நிமிடம். கீறல் வழியே சாஸ் குமிழ் விடுவதைப் பார்த்த பிறகே எடுங்கள். 10 நிமிடம் கழித்து வெட்டினால் சாஸ் ஓடாது.

கேள்வி: ஸ்டாக் இல்லை. கிரேவி ஒரு கிண்ணம் மிச்சமிருக்கிறது. அதை ஊற்றலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் கிரேவியில் ஏற்கெனவே மாவு இருக்கும். 250 மில்லி கிரேவி சேர்த்தால் ஸ்டாக்கை அந்த அளவு குறைத்து, மைதாவை 40 கிராமாக்குங்கள். மீதி ஸ்டாக்குக்கு எலும்புக்கூடு கையில் இருக்கிறதே! துண்டாக உடைத்து, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, ஒரு வெங்காயமும் பிரியாணி இலையும் போட்டு 3 மணி நேரம் சிறு தீயில் வையுங்கள். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு கலந்து கலங்கிவிடும்.

கேள்வி: ரோஸ்ட் செய்த கறியை எத்தனை நாள் வரை பைக்குப் பயன்படுத்தலாம்?

பதில்: ஃபிரிட்ஜில் இருந்தால் 3 முதல் 4 நாள். அதற்கு முன்பு, மேசையில் கிடந்த நேரம்தான் முக்கியம்: சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போயிருக்க வேண்டும். முழுப் பறவையாக வைக்காதீர்கள். நடுப்பகுதி குளிர வெகுநேரமாகும். கறியைக் கழற்றி ஆழமில்லாத டப்பாக்களில் வையுங்கள். பை வெந்ததும் அதன் மையம் 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். மிஞ்சினால் சாப்பிடப்போகும் துண்டை மட்டும் சூடாக்குங்கள்.

கேள்வி: எனக்கு மாவு தேய்க்கவே வராது. வேறு வழி உண்டா?

பதில்: உருளைக்கிழங்கு மசியல் போடுங்கள். கிழங்கு 800 கிராம், வெண்ணெய் 50 கிராம், சூடான பால் 80 மில்லி. வெந்த கிழங்கை வடித்து அதே பாத்திரத்தில் ஒரு நிமிடம் சூட்டில் புரட்டி ஈரத்தைப் போக்கிய பிறகு மசியுங்கள். மிக்ஸி வேண்டவே வேண்டாம்; பசையாகிவிடும். ஆறிய பூரணத்தின் மேல் ஓரத்திலிருந்து நடுவுக்குப் பரப்பினால் மசியல் உள்ளே அமிழாது. முள்கரண்டியால் கீறிவிட்டால் அந்த மேடுகள் முறுகலாகும்.

கேள்வி: செய்து ஃபிரீஸரில் வைக்கலாமா?

பதில்: வேகவைக்காமலேயே வையுங்கள். ஆறிய பூரணம், மேல்மாவு, இறுக்கமான உறை. முட்டையை ஓவனில் வைக்கும்போது தடவினால் போதும். உறைந்த நிலையிலேயே 190 டிகிரியில் சுமார் 75 நிமிடம் வேகவிடுங்கள். மேல் சீக்கிரம் சிவந்தால் ஃபாயில் போட்டு மூடலாம். கண்ணாடிப் பாத்திரத்தை ஃபிரீஸரிலிருந்து நேரே சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடும். உலோகத் தட்டில் செய்யுங்கள்.