மருந்து பூசிய பிறகும் அரிப்பது ஏன்?

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஒரு பிஜி விடுதியில், மூவர் தங்கும் அறையில் இருக்கிறேன். சிரங்கு என்று சொல்லி மருத்துவர் கொடுத்த பெர்மெத்ரின் களிம்பை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை பூசினேன். முடித்துப் பத்து நாளாகியும் இரவில் அரிக்கிறது. அறைத் தோழர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. எனக்கு மட்டும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைவா? சத்து மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: எதிர்ப்புச் சக்தி வேலை செய்வதால்தான் உங்களுக்கு அரிக்கிறது. சிரங்கை உண்டாக்கும் பெண் உண்ணி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலின் மேலடுக்கைக் குடைந்துகொண்டே போய் நாளுக்கு இரண்டு மூன்று முட்டையிடும். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பென்சிலால் லேசாகக் கிறுக்கியதுபோல் தெரியும் சாம்பல் நிறக் கோடுதான் அது குடைந்த வழி. வழக்கமாக உடல் முழுவதற்கும் பத்துப் பதினைந்து உண்ணிகளே இருக்கும். அத்தனை சிலவற்றுக்கு இவ்வளவு அரிப்பு வருவதற்குக் காரணம், அவற்றின் எச்சிலையும் கழிவையும் முட்டையையும் அந்நியப் பொருளென்று கண்டுகொண்ட டி செல்கள் முதலான வெள்ளையணுக்கள் அங்கே திரண்டு உண்டாக்கும் அழற்சிதான்.

முதன்முறை தொற்றும்போது இப்படிக் கண்டுகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மறுமுறை தொற்றினால் ஓரிரு நாளிலேயே அரிப்பு தொடங்கிவிடும். 1940களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கென்னத் மெல்லன்பி தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், மறுமுறை தொற்றியவர்களிடம் உண்ணிகள் குறைவாகவே பெருகின. ஆனாலும் உடலே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. நம் தற்காப்புப் புரதங்களை முடக்கும் பொருள்களை உண்ணியும் சுரக்கிறது. எதிர்ப்புச் சக்தி உண்மையிலேயே குன்றியவர்களுக்குத் தோல் தடித்துப் பொருக்குக் கட்டி, ஆயிரக்கணக்கில் உண்ணிகள் பெருகும். அவர்களில் பலருக்கு அரிப்பு அதிகம் இருப்பதில்லை.

களிம்பு உண்ணியைக் கொன்றாலும், அதன் உடலும் கழிவும் மேல்தோல் உதிரும்வரை அங்கேயே கிடப்பதால், இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு நீடிக்கலாம். மருத்துவர் சொல்லும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை போதும். சத்து மாத்திரையால் இதற்குப் பயனில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை மட்டும் தொடாதீர்கள். அது அரிப்பை அடக்கி நோயை மறைத்துவிடும். புதிய கோடுகளோ கொப்புளங்களோ தோன்றினாலும், நான்கு வாரம் கடந்தும் அரித்தாலும் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள்.

என் கவலையெல்லாம் உங்கள் அறைத் தோழர்களைப் பற்றித்தான். அரிப்பே இல்லாத அந்த முதல் சில வாரங்களில் அவர்கள் இருக்கக்கூடும். அப்போதும் உண்ணி பிறருக்குப் பரவும். அவர்களும் மருத்துவரைப் பார்த்து, இருவரும் ஒரே இரவில் கழுத்து முதல் பாதம் வரை, நகத்தடியிலும் விடாமல் பூசி, எட்டு முதல் பதினான்கு மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். நீங்கள் மூன்றாம் முறை பூச வேண்டுமா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கை விரிப்பையும் துணிகளையும் அன்றே வெந்நீரில் துவைக்க வேண்டும். விடுதியின் பொது வாஷிங் மெஷினில் வெந்நீர் வராவிட்டால், அவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிடுங்கள்; மனிதத் தோலை விட்டு விலகிய உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைப்பதில்லை.