சிங்கமீன், கிளாத்தி போன்ற வேட்டையாடும் மீன்களோடு இறால், நட்சத்திர மீன், கடல் சாமந்தி ஆகியவற்றை ஒரே கடல்நீர்த் தொட்டியில் வளர்க்க முடியுமா?

முடியும். ஆனால் எந்த மீனோடு எந்த உயிரினம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்த்தால்தான் பயனுள்ள விடை கிடைக்கும். உங்களிடம் 500 லிட்டர் தொட்டியில் சிங்கமீன் ஒன்று இருப்பதாகவும், அடுத்து ஒரு கிளாத்தியையும் சில முதுகெலும்பற்ற உயிரினங்களையும் சேர்க்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் பார்ப்பது மீனின் வாயைத்தான். இரையை முழுதாக விழுங்கும் வாயா, கடித்து நொறுக்கும் வாயா என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலான முடிவுகளை எளிதாக எடுத்துவிடலாம்.

சிங்கமீனும் களவாவும் விழுங்குபவை. வாயைச் சட்டென்று அகலத் திறந்து, தண்ணீரோடு இரையையும் உள்ளே இழுத்துக்கொள்வதே அவற்றின் வேட்டை முறை. எனவே பவளம், கடல் சாமந்தி, கடல் முள்ளெலி, நட்சத்திர மீன் ஆகியவற்றை அவை பொதுவாக ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வாய்க்குள் அடங்கக்கூடிய இறாலுக்கும் சிறு நண்டுக்கும்தான் ஆபத்து. மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் துப்புரவு இறால்கள் நன்கு வளர்ந்த நிலையில், சிங்கமீன் வருவதற்கு முன்பே தொட்டியில் குடியேறியிருந்தால் பல நேரம் தப்பிப் பிழைக்கின்றன. ஆயினும் ஓடு கழற்றிய இரவில் இறாலின் உடல் மென்மையாகவும் நடை தளர்ந்தும் இருக்கும். மறைந்துகொள்ளக் குறுகலான பாறை இடுக்கு இல்லையென்றால் விடிவதற்குள் அது காணாமல் போயிருக்கும். குள்ளச் சிங்கமீன் வகைகள் இறால், நண்டுகளையே அதிகம் நாடுபவை என்பதால் அவற்றோடு இறாலைச் சேர்க்க நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

கிளாத்தியின் கதை முற்றிலும் வேறு. அது கடல் முள்ளெலியைத் தாக்கும்போது அருகிலிருந்து பார்த்தால் அதன் உடலமைப்பின் பொருத்தம் விளங்கும். வாயைக் குவித்துத் தண்ணீரைப் பீய்ச்சி முள்ளெலியைக் கவிழ்த்துவிட்டு, முட்கள் குட்டையாக இருக்கும் அடிப்புறத்தில் கடிக்கத் தொடங்கும். கண்கள் வாயிலிருந்து வெகுவாகத் தள்ளி மேலே அமைந்திருப்பதால் நீண்ட முட்கள் அவற்றை எளிதில் எட்டுவதில்லை. சங்கும் சிப்பியும் நண்டும்கூட அந்தத் தாடைக்குத் தாக்குப்பிடிக்க மாட்டா. சிவப்புப் பல் கிளாத்தி, நீலத்தாடைக் கிளாத்தி ஆகியவை நீரில் மிதந்துவரும் சிற்றுயிர்களை முதன்மையாக உண்பவை என்பதால் ஓரளவு சாதுவானவை. ஆனாலும் தனி மீனின் குணம் வயதோடு மாறக்கூடும். பேத்தை மீனின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், அவற்றைத் தேய்த்துக்கொள்ள அதற்கு ஓடுள்ள உணவு தேவை. நத்தையையும் துறவி நண்டையும் அதன் தொட்டியில் விடுவது அதற்கு இரை போடுவதேயாகும்.

பாம்பு போல் நீண்ட உடலுள்ள அஞ்சாலை மீன்களில் பலரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக நடக்கும். கூரிய பற்களோடு அச்சுறுத்தும் தோற்றம் கொண்ட வகைகள் முதன்மையாக மீன் தின்பவை. அவை வாயைத் திறந்து வைத்துக்கொள்ள, துப்புரவு இறால் உள்ளே நுழைந்து வேலை செய்வதைக் காணலாம். சாதுவாகத் தெரியும் ஸ்னோஃப்ளேக் அஞ்சாலையோ மழுங்கிய பற்களால் இறாலையும் நண்டையும் நொறுக்கித் தின்னும்.

ஆபத்து மீனிடமிருந்து மட்டும் வருவதில்லை. கம்பளச் சாமந்தி தன்மேல் மோதும் மீனைக் கொட்டி விழுங்கிவிடும். நட்சத்திர மீனுக்கு உறவான பெரிய பச்சை நொறுங்கு நட்சத்திரம் (brittle star) இரவில் உறங்கும் சிறு மீன்களைப் பிடித்துத் தின்பது. காயம்பட்ட கடல் அட்டை வெளிவிடும் நஞ்சு தொட்டியிலுள்ள மீன்களைக் கொன்றுவிடக்கூடும்.

இவை எல்லாவற்றையும் விட நான் அதிகம் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றித்தான். இறைச்சி உண்ணும் மீன்களின் கழிவால் நைட்ரேட் விரைவாக ஏறும். லிட்டருக்கு 40 மில்லிகிராமைச் சிங்கமீன் தாங்கிக்கொள்ளும். கடல் சாமந்திக்கும் பவளங்களுக்கும் 10க்குள் இருப்பது நல்லது. ஆகவே தொட்டியின் அளவுக்கு மேற்பட்ட திறனுள்ள புரோட்டீன் ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி), ஒழுங்கான நீர்மாற்றம், வளர்ந்த சிங்கமீனுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் இடுக்கியால் உணவு என்ற மூன்றையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நட்சத்திர மீனும் இறாலும் உப்பளவின் திடீர் மாற்றத்தைத் தாங்காதவை. எனவே ஒப்படர்த்தியை (நீரின் உப்பளவைக் காட்டும் எண்) 1.025 அளவில் நிலையாக வைத்து, புதிதாக வந்தவற்றைச் சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்துப் பழக்கிய பின்னரே தொட்டியில் விட வேண்டும்.

அடுத்தது செம்பு. ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய்க்கு மீன்களுக்குக் கொடுக்கப்படும் செம்பு மருந்து முதுகெலும்பற்ற உயிரினங்களைக் கொன்றுவிடும். பாறையிலும் மணலிலும் படிந்து பின்னரும் கசியும். ஒப்படர்த்தி 1.009 ஆகும் வரை உப்பைக் குறைத்துச் செய்யும் சிகிச்சையும் அவற்றுக்கு ஆகாது. இத்தகைய கலப்புத் தொட்டி வைப்பவருக்கு, மருந்து கொடுக்கத் தனியாக ஒரு வெற்றுத் தொட்டி கட்டாயம் வேண்டும். நோய் வந்தால் எல்லா மீன்களையும் அதற்கு மாற்றிவிட்டு, ஒட்டுண்ணி அழிவதற்காக முதன்மைத் தொட்டியை 76 நாட்கள் மீனில்லாமல் விடுவது வளர்ப்பவர்களிடையே வழக்கம். அந்தக் காலத்தில் மற்ற உயிரினங்கள் அங்கேயே இருக்கலாம்.

உங்கள் தொட்டிக்கு என் தேர்வு இதுதான்: நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலி ஒன்று, மணலில் புதைந்து வாழும் நத்தைகள், தோல் பவளம், காளான் பவளம். நைட்ரேட் பல மாதங்கள் தாழ்வாக நிலைத்த பிறகு, கம்பளச் சாமந்தியைத் தவிர்த்துக் குமிழ்முனைச் சாமந்தி ஒன்றைச் சேர்க்கலாம். இறாலை விரும்பினால், சிங்கமீனைச் சில வாரங்கள் வேறு தொட்டியில் வைத்து, பெரிய துப்புரவு இறால்களை முதலில் குடியேற்றுங்கள். அப்போதும் இழப்புக்கு இடமுண்டு. கிளாத்தியை மட்டும் இந்தத் தொட்டியில் சேர்க்க வேண்டாம்.