பைக் பிரேக் பெடல், கிளட்ச் லிவர்: கேள்வி பதில்

திருத்துறைப்பூண்டி: அண்ணே, நடவு வயல் சேத்துல ஓடுற வண்டி. பின் பிரேக்கை மிதிச்சா பெடல் மேல வரமாட்டேங்குது. ஸ்பிரிங் மாத்தியாச்சு, அப்பவும் அதே கதை.

பதில்: ஸ்பிரிங்கை விடுங்க. டிரம்மில் இருக்கிற அட்ஜஸ்டர் நட்டைக் கழட்டி ராடை விடுவிச்சிட்டு, பெடலைக் கையால ஆட்டுங்க. அப்பவும் இறுக்கம்னா பெடல் ஷாஃப்ட்டுக்குள்ள வண்டல் காய்ஞ்சிருக்கு. சுலபமா ஆடினா கோளாறு டிரம் கேம்ல, அதாவது பிரேக் கட்டையை (ஷூ) விரிக்கிற தண்டுல.

கோளாறு ஷாஃப்ட்லன்னா, ரிட்டர்ன் ஸ்பிரிங், பிரேக் லைட் சுவிட்ச் ஸ்பிரிங், ஸ்பிளிட் பின் எல்லாம் எடுத்துட்டு பெடலை உருவுங்க. சில வண்டியில ஃபுட்ரெஸ்ட்டையும் கழட்டணும். மண்ணெண்ணெயில கழுவி, துருவை 400-ம் நம்பர் எமரியால தேய்ச்சு, துடைச்சு, புது கிரீஸ் வைங்க. பழைய பின்னை நிமித்தி மறுபடி போடாதீங்க, உடையும். கடைசியா பெடல் நுனியில 20-30 மி.மீ. பிளே (பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னாடி சும்மா இறங்குற தூரம்) வைங்க. அது இல்லேன்னா ஷூ உரசிக்கிட்டே ஓடும், டிரம் சுடும், மைலேஜ் போகும்.

கோளாறு கேம்லன்னா சக்கரத்தைக் கழட்டணும். கேம் தண்டுக்கு கிரீஸ் மெல்லிசா ஒரு பூச்சு போதும். ஷூவில் கிரீஸ் படக் கூடாது.

கும்பகோணம்: கிளட்ச் ரொம்பக் கனமா இருக்குண்ணே.

பதில்: லிவர் போல்ட்டை உருவித் துடைச்சு கிரீஸ் வைங்க. கேபிளோட மேல்முனையைக் கழட்டி, பாலித்தீன் பையைக் கூம்பா கட்டி எஞ்சின் ஆயில் விடுங்க, கீழ்முனையில சொட்டுற வரைக்கும். ஒரு இழை பிரிஞ்சிருந்தாலும் கேபிளை மாத்திடுங்க. லிவர் நுனியில 10-20 மி.மீ. பிளே.

மன்னார்குடி: எஞ்சின் ஆயில் எதுக்கு? வீட்டுத் தேங்காயெண்ணெய் போதாதா?

பதில்: போதாது. 24 டிகிரிக்குக் கீழ போனா உறையும். மார்கழி விடியக்காலையில லிவரைப் பிடிச்சுப் பாருங்க.

மன்னார்குடி: வெயில்ல நிறுத்தினா உருகிடுமே!

பதில்: வெயில் வர்ற வரைக்கும் பால் சொசைட்டி காத்திருக்குமா? எஞ்சின் ஆயில்ல துருவைத் தடுக்கிற மருந்து கலந்திருக்கு, உங்க எண்ணெயில இல்ல.

பாபநாசம்: நாங்க விளக்கெண்ணெய்தான் விடுறோம், நல்லாத்தான் இருக்கு.

பதில்: அது கெட்டி. உள்ள இறங்கவே நேரமாகும், புழுதியும் ஒட்டும்.

மன்னார்குடி: அப்ப நல்லெண்ணெய்?

பதில்: எண்ணெய்ச் செக்கை மூடுங்கப்பா. அடுத்த கேள்வி.

வேதாரண்யம்: டிஸ்க் பிரேக் லிவர் பஞ்சு மாதிரி அமுங்குது.

பதில்: லைன்ல காத்து. மூடியில டாட் 3-ஆ, டாட் 4-ஆன்னு போட்டிருக்கும், அந்த வகை பிரேக் ஃப்ளூயிட் பார்த்து ஊத்தி, காத்தை வெளியேத்தணும். ஃப்ளூயிட் 2 வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா முழுசா மாத்துங்க. பெயின்ட்ல சிந்தாம பார்த்துக்குங்க, உரிச்சிடும். உப்புக்காத்து ஊர், லிவர் போல்ட்டையும் அடிக்கடி கவனிங்க.

திருவாரூர்: கிளட்ச் கனமா இருக்கு, என்ன செய்யலாம்?

பதில்: கும்பகோணத்துக்குச் சொன்னதுதான். மேல படிங்க.

தஞ்சாவூர்: பெடல் திரும்பலண்ணே. எல்லா இடத்துலயும் கிரீஸ் அடிச்சிடவா?

பதில்: முதல் பதிலைப் படிங்க. ஷூவில் கிரீஸ் படக் கூடாதுன்னு அங்கேயே இருக்கு!

நாகப்பட்டினம்: கியர் லிவர் ஆடுது. வெல்டிங் வைக்கலாமா?

பதில்: வேணாம். சூட்டுல ஆயில் சீல் போயிடும், அப்புறம் லிவரைக் கழட்டவும் முடியாது. பல் தேய்ஞ்சிருந்தா புது லிவர் போடுங்க. போல்ட்டை முழுசா உருவினாத்தான் லிவர் வெளிய வரும், ஷாஃப்ட்ல அதுக்குன்னு பள்ளம் இருக்கு. சுத்தியால அடிக்காதீங்க.

மயிலாடுதுறை: ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம தடுக்கிற அமைப்பு) லைட் அணைய மாட்டேங்குது.

பதில்: ஸ்கேனர் வச்சிருக்கிற சர்வீஸ் சென்டருக்குப் போங்க.