இண்டிகேட்டர் போட்டும் பின்னால் வருபவர் கவனிக்கவில்லையா?

"இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புகிறேன். ஆனாலும் பின்னால் வருபவர்கள் கடைசி நொடியில்தான் பிரேக் பிடிக்கிறார்கள். என் பழைய காரில் பிரகாசமான எல்இடி பல்ப் மாற்றினால் சரியாகுமா? பிரேக் லைட் மினுக்கும்படி செய்யலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பல்ப் வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நல்ல வெயில் நேரத்தில் ஒருவரை காருக்குள் உட்காரவைத்து இண்டிகேட்டர் போடச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் தள்ளி நின்று, நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். பிறகு பிரேக்கையும் மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது இண்டிகேட்டர் மங்கினாலோ, எரியக்கூடாத விளக்கு லேசாக எரிந்தாலோ, பெரும்பாலும் எர்த், அதாவது மின்சாரம் காரின் உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, சரியில்லை என்று அர்த்தம். எர்த் இணைப்பையும் ஹோல்டரில் படிந்த துருவையும் சுத்தம் செய்தாலே பல பழைய கார்களில் வெளிச்சம் திரும்பிவிடும். ஆரஞ்சு பல்பின் பூச்சு உரிந்து வெள்ளையாக மினுக்குகிறதா என்பதையும் பாருங்கள். வெள்ளை மினுக்கல் பகலில் கண்ணில் படாது.

எல்இடியில் உண்மையான லாபம் ஒன்று உண்டு. இழை பல்ப் முழு வெளிச்சத்துக்கு வர சுமார் 0.2 நொடி கூடுதலாக எடுக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவர் அதற்குள் ஐந்தரை மீட்டர் கடந்துவிடுவார். ஆனால் இழை பல்புக்காகச் செய்த விளக்குக்குள் எல்இடியைச் செருகினால் ஒளி தவறான இடத்திலிருந்து கிளம்பும். சில கோணங்களில் முன்பைவிட மங்கலாகவே தெரியும். மின்சாரம் குறைவாக எடுப்பதால், பல்ப் ஃபியூஸ் போனதாக, இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் ஃபிளாஷர் நினைத்துக்கொண்டு வேகமாக மினுக்கவும் செய்யும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை என்பதுதான் ஐநா வாகன விதிகளில் உள்ள அளவு. கூடுதல் மின்சாரம் இழுக்க ரெசிஸ்டர் போட்டுச் சரிக்கட்டுவதை நான் விரும்புவதில்லை, அது கடுமையாகச் சூடாகும். எல்இடிக்கு ஏற்ற ஃபிளாஷர் கிடைத்தால் அதைப் போடுங்கள்.

பிரேக் லைட்டை மினுக்க வைப்பது மட்டும் வேண்டாம். மினுக்கினால் திரும்புகிறார், நிலையாக எரிந்தால் நிறுத்துகிறார் என்று பார்ப்பவர் யோசிக்காமலே பிரித்தறிகிறார். அந்த வித்தியாசத்தை நீங்களே அழித்துவிடாதீர்கள். சில புதிய கார்களில் பிரேக் லைட் மினுக்குவது உண்மைதான். அது 50 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது அவசரமாக பிரேக் அடித்தால் மட்டும் நடப்பது. அதைவிட, பின் கண்ணாடிப் பக்கம் உள்ள மூன்றாவது பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து அது கட்டாயம். பின்னாலிருந்து மோதும் விபத்துகளை அது நீண்டகாலத்தில் 4.3 சதவீதம் குறைத்ததாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டது.

சரி, விளக்கெல்லாம் ஒழுங்காக எரிகிறது, அப்புறமும் இதே பிரச்சினை என்றால் நேரத்தைக் கவனியுங்கள். பலர் பிரேக்கை மிதித்த பிறகுதான் இண்டிகேட்டர் போடுகிறார்கள். பின்னால் வருபவருக்கு முதலில் காரணம் தெரிய வேண்டும், அதன் பிறகுதான் வேகம் குறைய வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்பது 50 மீட்டர். அவ்வளவு முன்னதாகவே போட்டுவிடுங்கள். மழையில் ஹசார்ட் (எல்லா இண்டிகேட்டரும் ஒன்றாக மினுக்குவது) போட்டபடி ஓட்டாதீர்கள். பெரும்பாலான கார்களில் அது இண்டிகேட்டரை மறைத்துவிடும்.

கியரைக் குறைத்தே வேகத்தைக் குறைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அப்போது பிரேக் லைட் எரியவே எரியாது. கியர் மாற்றும் முன் பெடலை லேசாகத் தொட்டு, விளக்கை எரிய விடுங்கள்.