கோக்கியோ ஏரிக்குக் கீழே

அன்புள்ள ஐயா,

டிசம்பர் பள்ளி விடுமுறையில் மகனோடு நேப்பாளத்தின் கோக்கியோ ஏரிக்குப் போகிறேன். புளோக்கில் தினமும் பதினைந்து மாடி ஏறிப் பழகுகிறோம், போதுமா? அந்த நீலப்பச்சை நிறம் எப்படி வருகிறது? மனித வாடையே படாத ஓர் இடத்தைப் பையனுக்குக் காட்ட ஆசை.

செந்தில், உட்லண்ட்ஸ்

அன்புள்ள செந்தில்,

மாடி ஏறுவது காலுக்கு நல்லது, மூச்சுக்கு உதவாது. கோக்கியோ 4,700 மீட்டருக்கு மேல், ஆக்சிஜன் இங்கிருப்பதில் பாதிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பையன் தலைவலி என்றால் அன்றைக்கு மேலே ஏறாதீர்கள். நிறம், பனியாறு அரைத்த பாறைமாவு தண்ணீரில் மிதப்பதால். டிசம்பர் பிந்தினால் ஏரி உறையத் தொடங்கும், விடுமுறை தொடங்கியதும் நவம்பரிலேயே போய்விடுங்கள். சரி.

ஆனால் மனித வாடையே படாத இடமா? யார் சொன்னது? சில நாட்களாக நான் தாமே என்ற கிராமத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், எவரெஸ்ட் ஏறிய டென்சிங் வளர்ந்த ஊர், கோக்கியோவிலிருந்து மேற்கே ரெஞ்சோ லா கணவாயைத் தாண்டி இறங்கினால் வரும். 2024 ஆகஸ்ட் 16 அன்று மேலே இருந்த சிறு பனியேரிகள் உடைந்து பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், வீடுகள் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயின. பட்டப்பகல், அதனால் ஆட்கள் ஓடித் தப்பினார்கள். 1985இலும் அதே பள்ளத்தாக்கில் டிக் சோ ஏரிக்குள் பனிப்பாளம் சரிந்து விழ, எழுந்த அலை கரையை உடைத்தது. முடியும் தறுவாயில் இருந்த நீர்மின் நிலையமும் 14 பாலங்களும் போயின. நம் மெக்ரிட்சி நீர்த்தேக்கம் மாதிரி யாரோ கணக்குப் போட்டுக் கட்டிய அணையா அது? பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல்லும் மண்ணும்தான் கரை, சில இடங்களில் உள்ளே பனிக்கட்டியும் உண்டு, அது உருகினால் கரையே தாழ்ந்துவிடும்.

அதே எவரெஸ்ட் வட்டாரத்தில், இம்ஜா என்ற பனியேரிக்குக் கீழே டிங்போச்சே ஊரில் நான் தங்கிய விடுதியில், கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. குடியுரிமைத் தாள், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், கொஞ்சம் பணம். இரவில் ஓட வேண்டி வந்தால் எடுக்க என்றார் விடுதிக்கார அக்கா, மாவு பிசைந்துகொண்டே. 1950களில் இம்ஜா சில குட்டைகள்தான், இன்றைக்கு 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2016இல் நேப்பாள ராணுவம் வாய்க்கால் வெட்டி நீர்மட்டத்தை 3 மீட்டருக்கு மேல் இறக்கியது, அந்த உயரத்தில் மூச்சு வாங்க வாங்க. அத்தனை பேர் காவல் இருக்கிற தண்ணீரைப் பார்த்து ஆளே இல்லாத இடம் என்று பிள்ளைக்குச் சொல்லித் தராதீர்கள், செந்தில். கோபமாகத்தான் சொல்கிறேன்.

உங்கள் ஆசையில் தப்பில்லை, அவனைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். தாமேயில் ஓர் இரவு தங்கிச் சாப்பிடுங்கள், அந்த வருமானம் அவர்களுக்கு வேண்டும். ரெஞ்சோ லா பையனுக்குக் கஷ்டம் என்றால் விட்டுவிடுங்கள், வழியில் வரும் நாம்சே ஊரிலிருந்து தாமேக்கு அரை நாள் நடைதான்.