நில எடுப்பு வழக்குகளை மட்டுமே நடத்தும் வழக்கறிஞராக எப்படி ஆனீர்கள்? அதில் வேலை எப்படி இருக்கும்?

என் தாத்தா போட்ட ஒரு கையெழுத்துதான் காரணம்.

1991-ல் எங்கள் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பைச் சாலைக்காக எடுத்தார்கள். அப்போது 1894-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். காசோலையைக் கொடுத்து ரசீதை நீட்டியதும் தாத்தா கையெழுத்துப் போட்டு வாங்கி வந்துவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் மட்டும் கையெழுத்துக்கு மேலே 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதினார். அப்படி எழுதி வாங்கினால்தான் 18-வது பிரிவில் கூடுதல் இழப்பீடு கேட்க முடியும். அவருக்கு சப் கோர்ட்டில் தொகை உயர்ந்தது. தாத்தாவுக்கும் இன்னொரு வழி இருந்தது. அந்தத் தீர்ப்பு வந்த மூன்று மாதத்துக்குள் 28-ஏ பிரிவில் மனு கொடுத்திருந்தால் அதே விலையை நாங்களும் கேட்டிருக்கலாம். சொல்லத்தான் ஆளில்லை. சட்டக் கல்லூரியில் அந்தப் பிரிவைப் படித்த அன்று இரவே அப்பாவுக்குப் போன் செய்தேன். வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் எல்.ஏ.ஓ.பி. கட்டுகள், அதாவது நில எடுப்பு இழப்பீட்டு வழக்குகள் மட்டுமே பார்க்கும் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன்.

இந்த வேலையில் கோர்ட்டில் பேசுவது கொஞ்சம்தான். பாதி நாள் சார்பதிவாளர் அலுவலகத்தில், சுற்றுவட்டார சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று போட்டுக் கிரயப் பத்திரங்களைத் தேடுவேன். பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2013-ம் ஆண்டுச் சட்டத்தில், முந்தைய மூன்று ஆண்டுகளின் பத்திரங்களில் விலை கூடிய பாதியை எடுத்துத்தான் சராசரி பார்த்து நில மதிப்பைப் போட வேண்டும். ஒரு நல்ல பத்திரம் விடுபட்டாலும் சராசரி இறங்கிவிடும். அந்த மதிப்பின் மேல்தான் 100 சதவீத ஆறுதல் தொகையும் ஏறுகிறது; கட்டாயமாக நிலத்தை எடுப்பதற்காகக் கூடுதலாகத் தரும் பணம் அது. பழைய சட்டத்தில் அது 30 சதவீதம்தான்.

மீதி நாள் தோட்டத்தில். ஓர் அம்மாவின் நிலத்துக்கான அவார்டில், அதாவது இழப்பீட்டை முடிவு செய்யும் ஆணையில், 'கிணறு 1' என்று மட்டும் போட்டிருந்தார்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தோம். 62 அடி, அதில் பாதிக்கு மேல் பாறையை வெட்டி இறக்கியது. வெட்டிய பெரியவரே பக்கத்தில் நின்று, எத்தனை கோடைக்கு எத்தனை அடி ஆழப்படுத்தினார் என்று விரல் விட்டு எண்ணினார். பொறியாளர் ஒருவரை வைத்து மதிப்பீடு வாங்கித் தாக்கல் செய்தோம். அந்த அம்மாவின் தென்னை மரங்களுக்கும் ஒவ்வொன்றாக வயது எழுதினோம்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் பாதை வேறு. 1956-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி மத்தியஸ்தரிடம் போக வேண்டும். அந்த நிலங்களுக்கும் ஆறுதல் தொகையும் வட்டியும் உண்டு என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது பெரிய நியாயம். ஆனால் தமிழ்நாட்டில் மாநில நெடுஞ்சாலைக்கும் தொழில் திட்டங்களுக்கும் தனிச் சட்டங்கள் இருப்பதால், 2013-ம் ஆண்டுச் சட்டம் தந்த சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது நிலத்தை எடுத்தால் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே ஆராய்வது, நம் விவசாயிக்கு இல்லை. 2021-ல் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறேன், மனம் மட்டும் இன்னும் ஒப்பவில்லை.

புதுச் சட்டத்திலும் ஆட்சேபணை தெரிவிக்காமல் பணம் வாங்கினால் கூடுதல் கேட்கும் உரிமை போய்விடும். அவார்டு போட்ட அன்று நீங்கள் அங்கே இருந்திருந்தால், மனு கொடுக்க ஆறு வாரம்தான் கெடு. அதனால் யார் போன் செய்தாலும், ஊர் பேரைக் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்கிறேன்: "பணம் வாங்கிட்டீங்களா? ரசீதுல என்ன எழுதிக் கொடுத்தீங்க?"