பூசாமல் விட்ட ஒரு முழம்

கேள்வி: யூதர்களின் திருமணத்தில் மாப்பிள்ளை கண்ணாடி டம்ளரை மிதித்து உடைக்கிறார். புது வீடு கட்டினாலும் சுவரில் கொஞ்சம் பூசாமல் விடுவார்களாமே! நல்ல காரியத்தில் இது அபசகுனம் இல்லையா? என்றோ நடந்ததற்கு இன்னுமா துக்கம் கொண்டாடுவது?

பதில்: சகுனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கி.பி. 70-இல் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை இடித்துத் தள்ளியது. எவ்வளவு பெரிய சந்தோஷத்திலும் அந்த இழப்பு மறந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இரண்டும். டம்ளர் உடைந்ததுமே கூடியிருப்பவர்கள் 'மஸல் தோவ்' (நல்வாழ்த்துகள்) என்று ஆரவாரமாக வாழ்த்துவதையும் சேர்த்துப் பாருங்கள்.

துக்கம் கொண்டாடுகிறார்கள் என்பதும் தவறு. துக்கத்துக்கு அளவு வைத்தார்கள். ஆலயம் போன பிறகு பலர் இறைச்சியும் திராட்சை மதுவும் தொடுவதில்லை என்று விரதம் பூண்டதை யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. இவற்றைப் படைத்த பலிபீடமே இல்லாதபோது நாம் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்றார்கள். ரபி (யூத மத குரு) யோசுவா அவர்களிடம் போய்ப் பேசினார். அப்படியானால் ரொட்டியும் கூடாதே, மாவுக் காணிக்கையும் நின்றுவிட்டதே என்றார். பழம் தின்போம் என்றார்கள். முதற்கனிக் காணிக்கையும்தான் நின்றது என்றார். வேறு பழம் தின்போம் என்றார்கள். சரி, தண்ணீர்? அதையும்தானே பீடத்தில் வார்த்தார்கள்? அவர்களிடம் பதில் இல்லை. அப்புறம்தான் அவர் விஷயத்துக்கு வந்தார்: துக்கப்படாமலே இருக்க முடியாது, அளவு மீறித் துக்கப்படவும் முடியாது, வீட்டைப் பூசிக்கொள்ளுங்கள், கொஞ்சம் மட்டும் விட்டுவையுங்கள். பின்னால் வந்தவர்கள் அளவும் இடமும் சொன்னார்கள். முழத்துக்கு முழம், வாசலுக்கு எதிரே. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும். மற்ற சுவரையெல்லாம் தாராளமாகப் பூசலாம். இன்று எல்லா யூதர்களும் இதைச் செய்வதில்லை.

உடைந்ததென்றால் உங்களுக்கு ஏன் இத்தனை பயம்? கடவுள் தந்த பத்துக் கட்டளைகளின் கற்பலகைகளை யூதர்களின் தலைவர் மோசே கோபத்தில் போட்டு உடைத்த கதை தெரிந்திருக்கும். பிறகு புதுப் பலகைகள் கிடைத்தன. பழைய துண்டுகள் என்னவாயின? யூத வேதத்தின் ஒரு நூலான உபாகமத்தில் ஒரு வாக்கியம் 'நீ உடைத்த பலகைகள்' என்று சொல்லி, அடுத்த மூச்சிலேயே 'பேழையில் வை' என்கிறது. பலகைகளை வைத்துக் காத்த புனிதப் பெட்டிதான் பேழை. மேலோட்டமாகப் படித்தால் புதுப் பலகைகளை வைக்கச் சொன்னது போலத்தான் இருக்கும். ரபிகள் அந்த இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கவனித்தார்கள். துண்டுகளும் அதே பேழையில்தான் இருந்தன என்று பொருள் கொண்டார்கள்.

இந்த மரபில் என் மனதை மிகவும் தொட்ட இடம் இதுதான், ஏனென்றால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. விசேஷ வீட்டில் யாரை முன்னால் நிறுத்தலாம், யாரை ஒதுக்கலாம் என்று சகுனம் பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். யோசுவா பென் லேவி என்ற இன்னொரு ரபி தன் பிள்ளைகளிடம் சொன்னார்: தன் குற்றமில்லாமல் படித்ததையெல்லாம் மறந்துபோன முதியவரிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். முழுப் பலகைகளோடு உடைந்தவையும் பேழையில் இருந்தன.